'வீடியோ பார்த்துட்டேன், எனக்குத் தெரியும்!' - இயந்திரத்தின் முன்னால் இந்த நம்பிக்கை ஏன் ஆபத்து?

ஞாயிற்றுக்கிழமை காலை. பிரியாணி வீடியோவை மூன்று முறை பார்த்தாகிவிட்டது. எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும், எப்போது தம் போட வேண்டும் என்பதெல்லாம் மனப்பாடம். அடுப்பைப் பற்றவைத்த பிறகுதான் சந்தேகங்கள் வரிசைகட்டுகின்றன. வெங்காயத்தை எந்த நிறம் வரும்வரை வதக்க வேண்டும்? ஒரு கைப்பிடி புதினா என்றார்களே, யாருடைய கைப்பிடி? அன்று மதியம் வீட்டில் எல்லோருக்கும் குழைந்த சோறுதான். சிரித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்துவிடலாம்.

இதே கதை ஒரு பட்டறையில் நடந்தால்?

இப்படி ஒரு காலையை நினைத்துப் பாருங்கள். அம்பத்தூரிலோ ஓசூரிலோ கோவையிலோ, பத்துப் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கும் சிறிய கம்பெனி. இரும்புத் தகட்டை வெட்டியும் வளைத்தும் வண்டி உதிரிபாகம் செய்கிறார்கள். இன்று ஒரு புது இளைஞர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். சொல்லிக்கொடுக்க வேண்டிய மூத்த ஆபரேட்டருக்கு ஆர்டர் நெருக்கடி. "தம்பி, இந்த வீடியோவைப் பாரு. பார்த்துட்டு வந்து நில்லு" என்று போனைக் கையில் கொடுக்கிறார். எட்டு நிமிட வீடியோ. இளைஞர் இரண்டு முறை பார்க்கிறார். "புரிஞ்சுதா?" என்ற கேள்விக்கு, "புரிஞ்சுதுண்ணே" என்ற பதில் வருகிறது. அடுத்த நிமிடம் அவர் நிற்பது பவர் பிரஸ் முன்னால்.

இங்கே தவறு நடந்தால் போவது சோறு இல்லை, விரல்!

சிக்கலான இயந்திரங்களை இயக்கக் கற்றுத்தரும் வீடியோக்கள் இன்று எல்லா ஊர்ப் பட்டறைகளுக்கும் கைக்கெட்டிய விஷயம். ஒரு ஸ்மார்ட்போன் இருந்தால் எடுத்துவிடலாம். ஆனால், கேமராவை எடுப்பதற்கு முன்னால் எதை யோசித்தார்கள் என்பதில்தான், அந்த வீடியோ ஒருவரைக் காப்பாற்றுமா, வெறும் தைரியத்தை மட்டும் கொடுத்து அனுப்புமா என்பது இருக்கிறது.

பவர் பிரஸ் - அப்படி என்ன ஆபத்து?

டிபன் பாக்ஸ் மூடி, ஃபேன் இறக்கை, பைக்கின் சின்னச் சின்ன பிராக்கெட் எனத் தகட்டில் செய்யும் எத்தனையோ பொருள்கள் பிரஸ்ஸில் பிறந்தவை. கீழே அச்சு இருக்கும். அதை 'டை' என்பார்கள். மேலே இருந்து 'ராம்' எனும் கனமான பாகம் இறங்கி, நடுவில் வைத்த தகட்டை ஒரே அடியில் வெட்டும், அல்லது வளைக்கும்.

இந்த அடிக்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொண்டால், ஆபத்தும் புரிந்துவிடும். மோட்டார் சுற்றுவது பெரிய சக்கரம் ஒன்றை. அதற்கு ஃப்ளைவீல் என்று பெயர். அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஆபரேட்டர் பெடலை மிதித்தால் கிளட்ச் விழுந்து, சக்கரத்தின் வேகம் ராமுக்குப் போகும். ராம் ஒருமுறை இறங்கி ஏறி நிற்கும்.

பழைய வகை பிரஸ்களில் கிளட்ச் ஒருமுறை விழுந்துவிட்டால், அந்தச் சுற்று முடியும்வரை ராமை நடுவில் நிறுத்த முடியாது. சிவப்பு பட்டனை அழுத்தினாலும் மோட்டார்தான் நிற்கும். இறங்க ஆரம்பித்த ராம் இறங்கியே தீரும். சுவிட்சை ஆஃப் செய்த பிறகும் சக்கரம் சிறிது நேரம் சுற்றிக்கொண்டிருக்கும். 'ஆஃப் பண்ணியாச்சே' என்று டைக்குள் கையை விட்ட நேரத்தில் கால் தவறிப் பெடலில் பட்டால், மிச்சமிருக்கும் அந்தச் சுற்றே ஓர் அடிக்குப் போதும். கிளட்ச்சில் இருக்கும் ஸ்பிரிங் தேய்ந்துபோயிருந்தால், ஒரு மிதிக்கு இரண்டு அடி விழுவதும் உண்டு.

புதிய வகை பிரஸ்களில் ராமை நடுவிலேயே நிறுத்த முடியும். அவற்றில் 'லைட் கர்ட்டன்' பொருத்துவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரையைக் கை தாண்டினால் இயந்திரம் நிற்கும். ஆனால் அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. மனிதக் கை விநாடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் நகரும் என்று வைத்துத்தான் அமெரிக்கப் பாதுகாப்பு விதிகள் கணக்கிடுகின்றன. ராம் நிற்க 0.2 விநாடி ஆகுமென்றால், அதற்குள் கை 32 சென்டிமீட்டர் உள்ளே போய்விடும். ஆக, திரை குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். வேலைக்கு இடைஞ்சல் என்று யாராவது அதைக் கொஞ்சம் உள்ளே தள்ளிவைத்தால், திரை இருந்தும் பயனில்லை.

இதையெல்லாம் எட்டு நிமிட வீடியோவில் ஒரு புதியவருக்குச் சொல்லிவிட முடியுமா? ஏறக்குறைய 85 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியை எதிர்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு முடிச்சு சொன்ன பாடம்

இரண்டாம் உலகப் போர்க்காலம். அமெரிக்காவில் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓட வேண்டிய கட்டாயம். இயந்திரத்தைத் தொட்டே பார்க்காத லட்சக்கணக்கானவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அனுபவசாலிகள் போதவில்லை. 1941-ல் அமெரிக்கக் கல்வி அலுவலகம் பயிற்சிப் படங்களைத் தயாரிக்க ஆரம்பித்தது. ஆரம்பப் படங்களில் ஒன்று, இரும்பு ஸ்கேலைப் படிப்பது எப்படி என்பதைப் பற்றியது. பிறகு லேத், மில்லிங், கப்பல் கட்டுமானம் என்று விரிந்து, போர் முடிவதற்குள் 457 படங்கள் தயாராகிவிட்டன.

இந்தப் படங்கள் தனியாக அனுப்பப்படவில்லை என்பதுதான் முக்கியம். பயிற்சியாளருக்கான கையேடு ஒன்றும் கூடவே போனது. படம் ஓடுவதற்கு முன் என்ன பேச வேண்டும், பிறகு என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்பது வரை திட்டத்தில் அடக்கம்.

அதே காலகட்டத்தில், மேற்பார்வையாளர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையைப் பழக்க 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்ற திட்டமும் ஓடியது. 1940 முதல் 1945 வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் பயிற்சி பெற்றார்கள். அந்த வகுப்பில் ஒரு வேடிக்கையான சோதனை உண்டு. பல்பு மாட்டும் வயரில், இழுத்தாலும் கம்பி பிடுங்கிக்கொண்டு வராமலிருக்க ஒரு முடிச்சு போடுவார்கள். பயிற்சியாளர் முதலில் ஒருவரை அழைத்து, முடிச்சு போடும் விதத்தை வாயால் மட்டும் விளக்குவார். அவரால் போட முடியாது. அடுத்தவருக்கு, பேசாமல் செய்து மட்டும் காட்டுவார். அவராலும் முடியாது.

மூன்றாவதாக வருபவருக்கு முறையே வேறு. முதலில் அவரைப் பதற்றமில்லாமல் உட்காரவைத்து, அந்த வேலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பார். பிறகு ஒவ்வொரு படியாகச் செய்துகாட்டி, எதைக் கவனிக்க வேண்டும், ஏன் என்று சொல்வார். அடுத்து, அவரையே செய்யச் சொல்வார். செய்துகொண்டே காரணத்தையும் சொல்லவைப்பார். கடைசியாக, தனியே விட்டாலும் அடிக்கடி வந்து பார்ப்பார். முடிச்சு சரியாக விழும்!

இந்த முறை பின்னர் ஜப்பானுக்குப் போய், டொயோட்டா வரை வேரூன்றியது. இந்த நான்கு படிகளில் ஒரு வீடியோவால் செய்ய முடிந்தது இரண்டாவது படி மட்டும்தான் என்பதை வீடியோ எடுக்க நினைப்பவர்கள் முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இருபது முறை பார்த்தாலும்...

'நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தால் வந்துவிடும்' என்று தோன்றலாம். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் கார்டாஸ், எட் ஓ'பிரையன் இருவரும் இதைத்தான் சோதித்துப் பார்த்தார்கள். அவர்களின் ஆய்வு 2018-ல் வெளியானது. மேஜையில் தட்டுகள் அசையாமல் விரிப்பை மட்டும் உருவுவது, மைக்கேல் ஜாக்சனின் 'மூன்வாக்' நடனம், டார்ட் எறிவது போன்ற வீடியோக்களைச் சிலருக்கு ஒரே ஒரு முறையும், சிலருக்கு 20 முறையும் காட்டினார்கள். அதிக முறை பார்த்தவர்களுக்கு 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை நன்றாக ஏறியிருந்தது. செய்யச் சொன்னபோது திறமை மட்டும் ஏறவில்லை.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. பொருள்களைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் வித்தையைப் பார்த்தவர்கள், அந்தப் பொருளைக் கொஞ்ச நேரம் கையில் பிடித்துப் பார்த்ததுமே, அளவுக்கு மீறிய அந்த நம்பிக்கை இறங்கிவிட்டது. எடை, பிடி, சமநிலை... இவற்றையெல்லாம் திரை சொல்லவில்லை, கை சொன்னது.

பிரஸ் முன்னால் நிற்பவருக்கு இதைவிட முக்கியமான செய்தி இருக்க முடியாது. பயம் இருக்கும் புதியவர் நிதானமாகக் கை வைப்பார். வீடியோ பார்த்துப் பயம் போய், பழக்கமும் வராத புதியவர்தான் அதிக ஆபத்தில் இருக்கிறார்.

சரி, எப்படித் திட்டமிடுவது?

முதலில் தாள், பிறகு போன்

படம் எடுக்கும் நாளுக்கு முன்பே, வேலையை நன்றாகத் தெரிந்த ஆபரேட்டர் பக்கத்தில் தாளும் பேனாவுமாக நிற்க வேண்டும். 'எப்படிச் செய்றீங்க?' என்று கேட்டால் பாதிதான் வரும். இருபது வருடப் பழக்கத்தில் அவருடைய கை தானாகச் செய்யும் பல விஷயங்கள் அவருக்கே தெரியாது. செய்யும்போது பார்த்துத்தான் எழுத வேண்டும். தாளில் மூன்று பத்திகள் போதும்: என்ன செய்கிறார், எதைக் கவனிக்க வேண்டும், ஏன்.

தகட்டுத் துண்டை டையில் வைத்து ஓர் அடி அடித்து எடுக்கும் வேலையை எழுதினால் இப்படி வரும்:

என்ன: பெடலில் இருந்து காலை எடுப்பது. கவனிக்க: முழுப் பாதமும் தரையில். ஏன்: கை உள்ளே போகும் நேரத்தில் கால் பெடலில் இருக்கவே கூடாது.

என்ன: இடுக்கியால் துண்டை எடுத்து டையில் வைப்பது. கவனிக்க: துண்டு ஸ்டாப்பரில் முட்டி உட்கார வேண்டும். ஏன்: கோணலாக உட்கார்ந்தால், விரலால் தள்ளிச் சரிசெய்யத் தோன்றும்.

என்ன: இடுக்கியை வெளியே எடுத்த பிறகே மிதிப்பது. கவனிக்க: மிதித்ததும் காலை எடுத்துவிட வேண்டும். ஏன்: கால் அங்கேயே இருந்தால் அடுத்த அடியும் விழலாம்.

என்ன: துண்டை இடுக்கியால் வெளியே எடுப்பது. கவனிக்க: ராம் மேலே போய் நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே. ஏன்: சத்தத்தை நம்பிக் கை நீட்டினால், இரண்டாவது அடி விழும்போது தப்ப நேரமில்லை.

இடுக்கி இருப்பதால் தடுப்புக் கவசம் தேவையில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கவசம் முதல் காவல். இடுக்கி அதற்குத் துணை.

மூன்றாவது பத்திதான் இந்தத் தாளின் உயிர். 'கையை உள்ளே விடாதே' என்பதை எல்லோரும் சொல்வார்கள். ஏன் என்று தெரிந்தவர், மேற்பார்வையாளர் பக்கத்தில் இல்லாதபோதும் கையை விட மாட்டார்.

நிறுத்துவதுதான் முதல் வீடியோ

பெரும்பாலான வீடியோக்கள் 'மெஷினை ஆன் பண்ணுங்க' என்று ஆரம்பிக்கின்றன. வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எங்கே நிறுத்துவது, நிறுத்திய பிறகு எவ்வளவு நேரம் எது சுற்றும், எப்போது பக்கத்தில் போகலாம் என்பதுதான் முதல் பாடம். வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர் முதலில் பிரேக்கைக் காட்டுவது போல.

அதன் பிறகு ஒரு வேலைக்கு ஒரு வீடியோ. காலையில் இயந்திரத்தைச் சோதிப்பது ஒன்று. ஓர் அடி அடித்து எடுப்பது ஒன்று. துண்டு சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்பது தனி. ஷிஃப்ட் முடியும்போது செய்ய வேண்டியது தனி. டை மாற்றுவதைப் புதியவருக்கான தொகுப்பில் சேர்க்கவே கூடாது. அது அனுபவமுள்ள டை செட்டரின் வேலை. பார்த்தால் செய்துபார்க்கத் தோன்றும்.

நீளம் எவ்வளவு? ஆன்லைன் கல்லூரிப் பாடங்களை 69 லட்சம் முறை பார்த்த பதிவுகளை அலசிய 2014-ம் ஆண்டு ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் ஈடுபாட்டோடு பார்ப்பது சுமார் ஆறு நிமிடம்தான் என்றது. பட்டறை, கல்லூரி இல்லை. வேலைக்கு நடுவே, சத்தத்துக்கு நடுவே பார்க்கும் வீடியோ அதைவிடச் சின்னதாக இருப்பதே நல்லது. இரண்டு மூன்று நிமிடம் போதும்.

கேமரா யாருடைய கண்?

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தலைகீழாக மாற்றிவிடும். ஆபரேட்டருக்கு எதிரே நின்று எடுத்தால், அவருடைய வலது கை பார்ப்பவருக்கு இடது பக்கம் தெரியும். பார்ப்பவர் மனதுக்குள் திருப்பிப் போட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கக் கடற்படைக்காக நடந்து, 1949-ல் வெளியான ஓர் ஆய்வில் இதுவும் முடிச்சு வைத்தே சோதிக்கப்பட்டது. செய்பவரின் பார்வையிலேயே எடுத்த படத்தைப் பார்த்தவர்கள், எதிரிலிருந்து எடுத்ததைப் பார்த்தவர்களைவிட நன்றாக முடிச்சு போட்டார்கள்.

ஆக, கேமரா ஆபரேட்டரின் தோளுக்கு மேலிருந்து பார்க்க வேண்டும். அதுவும் போதாது. பிரஸ் வீடியோக்களில் அதிகம் விட்டுப்போவது கால்! திரையில் கை மட்டுமே தெரியும். பெடல் கீழே, ஃபிரேமுக்கு வெளியே இருக்கும். ஆனால் அடி ஆரம்பிப்பதே காலில்தானே? இன்னொரு போனைக் கீழே வைத்துப் பெடலையும் எடுத்து, திரையில் கையும் காலும் மேலும் கீழுமாக ஒரே நேரத்தில் தெரியும்படி சேர்க்க வேண்டும். கை உள்ளே இருக்கும்போது கால் எங்கே இருக்கிறது என்பதை ஒருமுறை பார்த்தவருக்கு அந்தப் படம் மறக்காது.

படப்பிடிப்பே விபத்தாகிவிடக் கூடாது

'கவர் மறைக்குது, கழட்டிட்டு எடுக்கலாம்' என்ற யோசனை நிச்சயம் வரும். அங்கேதான் உறுதியாக நிற்க வேண்டும். இயந்திரம் ஓடும் காட்சி எல்லாவற்றிலும் தடுப்புக் கவசம் இருந்தே ஆக வேண்டும். கவசமில்லாமல் ஓடும் காட்சியைப் பார்க்கும் புதியவர், 'அண்ணனே அப்படித்தான் ஓட்டுறார்' என்றுதான் எடுத்துக்கொள்வார்.

டைக்குள் இருப்பதைக் காட்ட வேண்டுமா? மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சக்கரம் முழுவதும் நின்ற பிறகு, ராம் இறங்காமல் நடுவில் பிளாக் வைத்து எடுக்கலாம். அப்படிச் செய்ததையும் வீடியோவில் காட்ட வேண்டும். அதுவே ஒரு பாடம்.

தவறைக் காட்டவும் வழி இருக்கிறது. அட்டையில் ஒரு கை வெட்டி, ஒரு நீளக் குச்சியின் நுனியில் ஒட்டி, அனுபவசாலி ஒருவர் தள்ளி நின்று டைக்குள் நீட்ட, ஓர் அடி. இரண்டு விநாடிக் காட்சி. ரத்தமும் அழுகையும் தேவையில்லை. உண்மையான விபத்துப் படங்களைப் போட்டால் பார்ப்பவர் கண்ணைத் திருப்பிக்கொள்வார், பாடம் நின்றுவிடும்.

எந்த மொழியில் பேசுவது?

'அழுத்தப் பொறியின் மிதிகட்டையை இயக்கவும்' என்று குரல் கொடுத்தால், தமிழ் தெரிந்த ஆபரேட்டரே திரும்பிப் பார்ப்பார். பட்டறையில் அது பிரஸ், பெடல், டை. அந்தச் சொற்களே வீடியோவிலும் இருக்க வேண்டும். வழக்கமாக மூத்தவர் பேசும் தொனியிலேயே, 'தம்பி, இடுக்கி வெளியே வர்ற வரைக்கும் காலைத் தூக்காதே' என்று சொன்னால் காதில் நிற்கும்.

இன்று தமிழகத் தொழிற்பேட்டைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம் எனப் பல மாநிலத்தவர் வேலை செய்கிறார்கள். 'இந்தியில் ஒன்று போட்டால் எல்லோருக்கும் புரியும்' என்பது தவறான கணக்கு. ஒடியா பேசுபவருக்கு ஒடியாதான் வேண்டும். இதற்கு வழி, முதலில் குரலே இல்லாமல் படத்தை மட்டும் வெட்டிப் பார்ப்பது. சத்தமில்லாமல் பார்த்தாலும் வேலையின் வரிசை புரிகிறதென்றால் படம் சரி. பிறகு எத்தனை மொழியிலும் குரல் சேர்க்கலாம். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் ஒடிசாக்காரரையே பேசச் சொன்னால், நம்பிக்கையும் கூடும்.

ஒரு சத்தத்தை மட்டும் அப்படியே விட வேண்டும். நன்றாக ஓடும் பிரஸ்ஸின் சத்தம் ஒன்று. கிளட்ச் தேய்ந்த பிரஸ்ஸின் சத்தம் வேறு. அனுபவசாலிகள் காதாலேயே கண்டுபிடிப்பார்கள். இரண்டையும் பதிவு செய்து அடுத்தடுத்துப் போட்டால், பல வருடப் பழக்கத்தில் ஒரு துளி புதியவருக்குக் கிடைக்கும்.

போனைக் கீழே வை!

ஒவ்வொரு வீடியோவின் முடிவிலும் வர வேண்டிய கடைசி வரி, 'நன்றி, வணக்கம்' இல்லை. 'போனைக் கீழே வை. இப்போது மெஷின் ஆஃப். இதைச் செய்து காட்டு' என்பதுதான்.

மின்சாரம் இல்லாத, சக்கரம் நின்றுபோன பிரஸ் முன்னால் புதியவர் நிற்கிறார். இடுக்கியைப் பிடிக்கிறார். அது நினைத்ததைவிடக் கனம். துண்டு வழுக்குகிறது. திரையில் சுலபமாகத் தெரிந்தது கையில் சுலபமாக இல்லை. அந்தத் தடுமாற்றம்தான் தேவை. பக்கத்தில் மூத்தவர் நிற்கிறார். 'ஏன் காலை எடுத்தே?' என்று கேட்கிறார். இவர் பதில் சொல்கிறார். பதில் வராவிட்டால், மறுபடியும் முதல் வீடியோ. பல முறை சரியாக வந்த பிறகுதான் மின்சாரம். அப்போதும் பக்கத்தில் ஆள்.

வீடியோவை எல்லோருக்கும் கொடுப்பதற்கு முன்னால், அந்த இயந்திரத்தைப் பார்த்தே இராத ஒருவரிடம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். அலுவலகத்தில் கணக்கு எழுதுபவராகக்கூட இருக்கலாம். ஓடாத இயந்திரத்தில் அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ, அங்கே வீடியோவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அவர்மேல் குறையில்லை. திரும்ப எடுக்க வேண்டும்.

வீடியோவின் முதல் காட்சியில் இயந்திரத்தின் எண்ணும் எடுத்த தேதியும் இருக்க வேண்டும். டை மாறினாலோ, கவசம் மாறினாலோ பழைய வீடியோவை எடுத்துவிட வேண்டும். இயந்திரத்தின் மேல் கியூ.ஆர் கோடு ஒட்டுவது நல்ல பழக்கம். ஆனால் பார்ப்பதற்குத் தனி இடம் ஒதுக்க வேண்டும். ஓடும் இயந்திரத்தின் முன்னால் ஒரு கையில் போன் என்பது இன்னொரு விபத்துக்கான அழைப்பு.

பிரஸ்ஸுக்குச் சொன்ன இந்த வரிசை சி.என்.சி மெஷினுக்கும், பிளாஸ்டிக் வார்க்கும் மெஷினுக்கும், அரிசி ஆலை பாய்லருக்கும் பொருந்தும். ஆபத்து இருக்கும் இடம்தான் மாறும்.

கேட்பது உரிமை

'இவ்வளவு சின்னக் கம்பெனியில் இதெல்லாம் நடக்குமா?' என்று தோன்றலாம். தொழிற்சாலைகள் சட்டம், 1948-ல் 111-ஏ என்ற பிரிவு 1987-ல் சேர்க்கப்பட்டது. வேலையில் தன் உடல்நலம், பாதுகாப்பு பற்றிய தகவலை நிர்வாகத்திடம் கேட்டுப் பெறவும், பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது அந்தப் பிரிவு. ஆபத்தான இயந்திரத்தில் இளம் வயதினரை நிறுத்துவதற்கு முன், அதன் ஆபத்துகளை முழுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று 23-வது பிரிவும் சொன்னது. தொழிலாளர் பாதுகாப்புக்கென 2020-ல் தனிச் சட்டத்தொகுப்பே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. பயிற்சி என்பது முதலாளி காட்டும் சலுகை இல்லை என்பதில் நாட்டின் சட்டங்கள் தெளிவாகவே இருக்கின்றன.

உதவியும் பக்கத்திலேயே இருக்கிறது. ஐ.டி.ஐ மாணவர்களுக்கான பாடப்பொருள்களைத் தயாரிக்கும் தேசியப் பயிற்சி ஊடக நிறுவனம், 'நிமி', சென்னை கிண்டியில்தான் இயங்குகிறது. 1986-ல் ஜெர்மனி அரசின் உதவியோடு தொடங்கப்பட்ட நிறுவனம் அது. தொழிற்பிரிவுகளுக்கான புத்தகங்களையும் வீடியோக்களையும் பல இந்திய மொழிகளில் உருவாக்கியிருக்கிறது. அடிப்படைகளை அங்கிருந்து எடுத்துக்கொண்டு, தங்கள் பட்டறையில் இருக்கும் இயந்திரத்துக்கான இரண்டு நிமிடங்களை மட்டும் சொந்தமாக எடுத்துச் சேர்க்கலாம். ஏனென்றால், எந்தப் பொது வீடியோவுக்கும் உங்கள் பிரஸ்ஸின் பெடல் கொஞ்சம் லூஸாக இருப்பது தெரியாது.

செலவு? இரண்டு போன், ஒரு ஸ்டாண்டு, ஒரு தாள், மூத்த ஆபரேட்டரின் அரை நாள். அந்த அரை நாள் உற்பத்தி போகிறதே என்று கணக்குப் பார்க்கும் முதலாளி, ஒரு விரலுக்குப் பின்னால் வரும் மருத்துவமனை, நஷ்டஈடு, நின்றுபோகும் இயந்திரம், மறுபடியும் ஒரு புது ஆள் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம். அந்த விரலுக்குச் சொந்தக்காரரின் வீட்டில் ஆகும் கணக்கு எந்த நோட்டிலும் ஏறாது.

இதைப் படிப்பவர்கள் எல்லோரும் பட்டறை நடத்துபவர்கள் இல்லை. ஆனால் மகனோ, தம்பியோ, தெருவில் தெரிந்த பையனோ ஐ.டி.ஐ முடித்துவிட்டு முதல் வேலைக்குப் போயிருக்கலாம். முதல் நாள் இரவு வீடு திரும்பியதும், 'சம்பளம் எவ்வளவு சொன்னாங்க? சாப்பாடு எப்படி?' என்று கேட்போம். கூடவே இரண்டு கேள்விகள் சேர்த்துக்கொள்ளலாம்.

"மெஷினை நிறுத்துறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தாங்களா?"

"நீ செஞ்சு காட்டினப்போ பக்கத்துல யாரு நின்னாங்க?"

'வீடியோ காட்டினாங்க' என்று மட்டும் பதில் வந்தால், பாடம் இன்னும் முடியவில்லை. மறுநாள் காலை, இயந்திரத்தை ஆன் செய்வதற்கு முன், "அண்ணே, ஒரு தடவை பக்கத்துல நின்னு பாருங்க" என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.